நாலு மணித் தூக்கம்

மகளே, மகனே, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பெரியவள் இப்போதே படிக்கலாம். சின்னவன் கொஞ்சம் வளர்ந்த பிறகு படித்தால் போதும். நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். லீவு லெட்டர் தவிர எதையும் நீளமாக எழுதிப் பழக்கமில்லை. அங்கங்கே முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரியவள், தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்றாள். அவள் வகுப்பில் பிள்ளைப்பாக்கத்துப் பெண் ஒருத்தி படிக்கிறாள். "எங்க தாத்தா துட்டை உங்க அப்பா ஏமாத்திட்டாராமே" என்று அந்தப் பெண் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாளாம். பெரியவளே, அது நிஜமா என்று கேட்டாய். முதலில் போய் முகம் கழுவிவிட்டு வா என்று அனுப்பிவைத்தேன். அது பதில் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் பணத்தில் நான் ஒரு ரூபாய் தொட்டதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பணம் போனபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லி பிரயோஜனமில்லை.

நான் சங்கரன்கோவில் பக்கமிருந்து இங்கே வந்தது 2006-இல். என்னோடு பஸ் ஏறியவர்கள் எல்லாம் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் கம்பெனி லைனில் நின்றார்கள். என்னிடம் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பின் சான்றிதழ் ஒன்று இருந்ததால், ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த தரகு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பங்கு, வெள்ளி, செம்பு, கச்சா எண்ணெய் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே வாங்கி விற்கிற இடம். கண்ணால் பார்க்கிற வெள்ளி இல்லை. விலை ஏறும் என்று நினைப்பவர் வாங்குவார், இறங்கும் என்று நினைப்பவர் விற்பார், நினைத்தபடி நடந்தால் லாபம், இல்லாவிட்டால் நட்டம். வாடிக்கையாளர்கள் போனில் சொல்வார்கள், நான் இங்கே தட்டுவேன். கீபோர்டில் எஃப்-1 என்றால் வாங்குவது, எஃப்-2 என்றால் விற்பது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை.

நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் எங்கள் வாடிக்கையாளர்கள். உன் வகுப்புப் பெண்ணின் தாத்தா அவர்களில் ஒருவர். நான் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவேன். ஏரி ஓரத்து நிலம் போன பிறகும் இரண்டு மாடு வைத்திருந்தார். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு எனக்குப் போன் போடுவார். வெள்ளி மட்டும்தான் வாங்குவார், வெள்ளி மட்டும்தான் விற்பார். "வெள்ளி நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்கே தெரியும் தம்பி, மத்ததெல்லாம் எனக்கு வாணாம்" என்பார். அலுவலகத்தில் வேறு யார் எடுத்தாலும் போனை வைத்துவிட்டு, நான் வந்த பிறகு மறுபடி கூப்பிடுவார்.

பங்குச் சந்தை காலையில் திறந்து மூன்றரை மணிக்கு மூடிவிடும். வெள்ளியும் எண்ணெயும் இரவு பதினொன்றரை வரைக்கும் ஓடும். இரண்டுக்கும் ஆள் நான்தான். வீட்டுக்கு வந்து படுத்தால் உடம்பு மட்டும்தான் பாயில் இருக்கும். கண்ணை மூடினால் பச்சையும் சிவப்புமாக எண்கள் கீழிருந்து மேலே ஓடும். மாடி அறைகளில் கம்பெனிப் பையன்கள் இருந்தார்கள். ஒருவன் ஷிப்டு முடிந்து வந்து குளிப்பான், இன்னொருவன் ஷிப்டுக்குப் போகக் குளிப்பான். வாளிச் சத்தம் ஓயாது. உங்கள் அம்மா ஜாதிக்காய் உரசிப் பாலில் கலந்து கொடுத்துப் பார்த்தாள். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அலுவலகத்தில் ஒருவர் இருமல் மருந்து ஒரு மூடி குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்றார். குடித்தேன். மறுநாள் தலை கனத்ததுதான் மிச்சம்.

பெரியவளே, அப்போது உனக்கு நாலு வயது. காலில் கொலுசு போட்டிருந்தாய். விடிகிற நேரத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கண் அசரும், நீ எழுந்து ஓடுவாய். ஒரு நாள் நான் எழுந்து உட்கார்ந்து கத்திய கத்தலில் நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். அன்றைக்கே அம்மா உன் கொலுசைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை, பெரியவர் வாங்கச் சொன்ன வெள்ளியை நான் விற்றுவிட்டேன். எஃப்-1-க்குப் பதிலாக எஃப்-2. விரல் தவறியது கூட எனக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன்தான் பார்த்தான். தண்டலத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன், மூன்று வருடமாக என் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவன். சட்டென்று என் கீபோர்டை இழுத்துத் திருப்பி அடித்துச் சரி செய்தான். இடையில் ஏற்பட்ட சின்ன நட்டத்தைத் தன் கையிலிருந்தே போட்டான். முதலாளிக்குச் சொல்லவில்லை. அவரை நாங்கள் சார் என்போம்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் டீ குடிக்கும்போது அவன் சொன்னான்: "நீ இப்டியே போனா ஒரு நாள் பெருசா இன்னாவாவது ஆயிடும்ணா. மூணரைக்கு மேல அஞ்சு வரைக்கும் மார்க்கெட்டே தூங்கிகினுதான் கீது. நீயும் போய்ப் படு. நான் பாத்துக்குறேன்."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கம்ப்யூட்டரில் வாங்கி விற்க அனுமதிச் சான்று பரீட்சை ஒன்று எழுத வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதில் தேறியவன் நான் ஒருவன்தான். அதனால் எல்லா வேலையும் என் பெயரிலுள்ள ஐ.டி.யில்தான் நடக்கும். என் ஐ.டி.யை வேறு ஆள் தொடக் கூடாது என்பது விதி. ஆனால் நான் அதை மூடிவிட்டுப் போனால் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? பாஸ்வேர்டைக் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும். நான் எப்போதும் உன் செல்லப் பெயரை வைத்து, பின்னால் ஒரு எண்ணை மட்டும் மாற்றுவேன். "பாப்பா பேருதானா? அப்ப மறக்காதுண்ணா" என்று சிரித்தான்.

கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடுவதற்கான பேட்டரிகள் வைத்திருந்த சின்ன அறையில் மானிட்டர் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்தான். மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு இலவம்பஞ்சுத் தலையணை கொண்டுவந்தான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பேட்டரியின் உறுமல் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். தலையை வைத்தது தெரியும், ஐந்து மணிக்கு அவன் கதவைத் தட்டுவது தெரியும். நடுவில் ஒன்றுமே தெரியாது. எண்கள் ஓடவில்லை. கனவு வரவில்லை. என் வாழ்நாளில் அப்படித் தூங்கியதில்லை, இனிமேலும் தூங்குவேனா தெரியாது. யார் என்ன சொன்னாலும் அது நல்ல தூக்கம். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஐந்தாறு மாதத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கியது. இரவிலும் மூன்று, நான்கு மணி நேரம் தானாகக் கண் மூடியது. உன் கொலுசு பீரோவிலிருந்து வெளியே வந்தது. அவன் மகராசனாக இருக்கட்டும் என்று உங்கள் அம்மா அதிரசம் சுட்டு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அவன் டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று அதில் கொய்யாப்பழம் போட்டுக் கொடுத்தான். சாரும் ஒரு நாள் பேட்டரி அறையை எட்டிப் பார்த்தார். நான் பதறி எழுந்தேன். படு படு, உடம்புதான் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல இடத்தில் வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

2011-இல் ஒரு நாள் காலை பெரியவர் நேரில் வந்தார். கையில் ஒரு கட்டு தபால் உறைகள். நாங்கள் எதை வாங்கினாலும் விற்றாலும் அதன் விவரம் ஆங்கிலத்தில் அச்சாகி வாடிக்கையாளர் வீட்டுக்குத் தபாலில் போகும். அவர் அவற்றைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்தார். தம்பி பார்த்துக்கொள்கிறான், நாம் எதற்குப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம். கம்பெனியில் வேலை செய்கிற மருமகன் வந்தபோது சும்மா பிரித்துப் பார்த்திருக்கிறான்.

"கச்சா எண்ணெய் நான் எப்பப்பா வாங்குனேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தனக்குத்தான் மறந்துவிட்டதோ என்கிற மாதிரி கேட்டார்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். எண்ணெய் வாங்கி, பத்து நிமிடத்தில் விற்று, செம்பு வாங்கி, விற்று, மறுபடி எண்ணெய். இப்படி வாங்கி விற்றால் வாடிக்கையாளருக்கு ஒன்றும் நிற்காது, ஒவ்வொரு தடவையும் அவர் பணத்திலிருந்து அலுவலகத்துக்கு மட்டும் தரகு விழும். தாளின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருக்கும். அதை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். மூன்று ஐம்பத்திரண்டு. நாலு பத்து. நாலு முப்பத்தொன்று. நாலு நாற்பது. அடுத்த தாள், அதற்கடுத்த தாள், எங்கேயும் மூன்றரைக்கு முன்னால் எண்ணெயும் இல்லை, ஐந்துக்குப் பின்னால் எண்ணெயும் இல்லை. நான் தலையணையில் தலை வைத்திருந்த நேரமெல்லாம் அங்கே அச்சில் இருந்தது. மேலே ஆபரேட்டர் என்ற இடத்தில் என் ஐ.டி.

பெரியவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். தாள்களையும் கேட்டேன். நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றதும் கொடுத்தார். அவர் இறங்கிப் போனதும் தண்டலத்துக்காரனைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டேன். அவன் மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மறுக்கவே இல்லை.

"டார்கெட் குடுத்தாருண்ணா. மாசாமாசம் இவ்ளோ தரகு வரணும்னு. அந்தாளு கணக்கு சும்மாவே கெடந்துது."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னா நெனச்சுகினு கீற? நீ முழிச்சிகினு இருந்தா அந்தாளு கணக்குல கை வெக்க வுடமாட்டியாம். அதச் சொன்னதே அவருதான்."

நான் அவன் கையைப் பிடித்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான். "ஆனா நீ படுத்தது நல்லதுக்குத்தாண்ணா. அத பொய்னு நெனைக்காத. உனக்கு நெஜமாவே உடம்பு சரியில்ல. எனக்குப் பாவமாத்தான் இருந்துது."

இதைத்தான் பிள்ளைகளே என்னால் இன்றுவரைக்கும் தள்ளிவைக்க முடியவில்லை. முழுக்கத் திருடனாக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவன் கொண்டுவந்த தலையணை நிஜம். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனது நிஜம். சாத்திவிட்டுப் போய் என் மகள் பெயரைத் தட்டி உள்ளே நுழைந்ததும் நிஜம்.

மறுநாள் சார் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். இந்த வியாபாரங்களையெல்லாம் வாடிக்கையாளர் போனில் சொல்லித்தான் செய்தேன் என்று நான் எழுதிக் கொடுப்பது போல அதில் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், பெரியவருக்கும் பார்த்து ஏதாவது செய்துவிடலாம் என்றார். போடாவிட்டால் என்ன என்று கேட்டேன். ஐ.டி. உன் பெயரில் இருக்கிறது, நீ அலுவலகத்துக்குள் இருந்திருக்கிறாய், மாட்டுவது நீதான் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்ன அதே குரல்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் அம்மா சோறு போட்டு வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். தண்டலத்துக்காரன் மேல்தான் அவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அதிரசத்தை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. பிறகு, "தூங்கினது உண்மைதானே? அப்ப அதையே எழுதிக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சின்னவன் அப்போது அவள் வயிற்றில் இருந்தான். வேலை போனால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எழுதுவதற்கு முன்னால் பெரியவருக்கு வாயால் சொல்லிவிட வேண்டும் என்று பிள்ளைப்பாக்கம் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். யார் செய்தது, எப்படிச் செய்தது எல்லாம் சொன்னேன். அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார்.

"உள்ள தூங்கிக்கிட்டு இருந்தேன் ஐயா."

"நாலு மணிக்கு."

"ஆமாங்கய்யா."

"ஆபீஸ்ல."

நான் தலையை ஆட்டினேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இதைவிட ஒரு நல்ல பொய்யாகச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் என்று தோன்றியது. அப்புறம் கேட்டார்:

"சரி, தூங்குனேன்றதே நெஜம்னு வெச்சுக்குவோம். தூங்கப் போறப்ப என் கணக்க யார் கையில குடுத்துட்டுப் போன?"

அவரே சொன்னார்:

"உன்கிட்ட குடுத்தேன்பா நான். அவன் மூஞ்சியக் கூட எனக்குத் தெரியாது."

அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். என்னை அவன் ஏமாற்றினான் என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் கணக்கில் ஏமாற்றியவன் நான்தான். அதில் தப்பு இருக்கிறது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

சென்னையிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பாஸ்வேர்டைக் கொடுத்தது என் குற்றம், தூங்கியது என் குற்றம், எண்ணெயும் செம்பும் என் கை இல்லை என்று எழுதினேன். சாரிடமும் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு என் ஐ.டி.யை ரத்து செய்தார்கள். தண்டலத்துக்காரனை வேறு கிளைக்கு அனுப்பினார்கள். சாரின் அலுவலகம் வேறு பெயர்ப்பலகையோடு அதே மாடியில் நடந்தது. பெரியவருக்குப் பணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். அதை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தது சார்தானாம். கூட வேலை பார்த்தவன் செய்த துரோகத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன் என்று சொல்லிக் கொடுத்தாராம். கூட வேலை பார்த்தவன் என்று அவர் சொன்னது என்னை. உன் வகுப்புப் பெண் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை அதுதான். அவள் பொய் சொல்லவில்லை அம்மா. அவளோடு சண்டை போடாதே.

எனக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை கிடைத்தது. ஜெனரல் ஷிப்டு. சாயங்காலம் வீட்டில் இருக்கிறேன். ராத்திரி படுத்தால் ஏதோ தூங்குகிறேன். பகலில் மட்டும் படுக்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் சாப்பிட்டுப் படுக்கும்போது நான் மட்டும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கேலி செய்வீர்கள். எனக்குச் சுறுசுறுப்பு ஒன்றும் இல்லை. நான் கண்ணை மூடியிருக்கும்போது யார் என்ன செய்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வீட்டில் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்று தெரியும். தெரிந்தும் வருகிறது.

ஐ.டி. ரத்தான கடிதம் வந்த வாரத்தில் நான் செய்த ஒன்றை உங்கள் அம்மாவிடம் கூட இதுவரை சொல்லவில்லை. அந்தத் தாள்களின் நகல் என்னிடம் இருந்தது. அசல் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது பெரியவரின் மருமகன் கதவோரத்திலேயே வாங்கிக்கொண்டான். நாலு வருடம் அவர் கணக்கைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு நான் படித்துக் காட்டியதில்லை. அவரும் கேட்டதில்லை. தம்பி பார்த்துக்கொள்வான் என்பது எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைப்பாக்கத்துக்குப் பஸ் ஏறி, ஏரிக்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். தாள்களை மடியில் வைத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதினேன். வெள்ளி இருந்த இடத்தில், 'காலை, நீங்கள் சொன்னது.' எண்ணெயும் செம்பும் இருந்த இடத்தில், 'நீங்கள் சொல்லாதது, நான் தூங்கிய நேரம்.' அவருக்குக் கண் மங்கல் என்பதால் எழுத்தைப் பெரிதாகப் போட்டேன். ஓரத்தில் இடம் போதாத இடத்தில் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். பேனாவில் மை தீர்ந்துபோய், கடைத்தெரு வரைக்கும் நடந்து இன்னொரு பேனா வாங்கி வந்து மிச்சத்தை எழுதினேன். முடிக்கும்போது வெயில் ஏறியிருந்தது.

அவர் வீட்டு வாசலில் யாரும் இல்லை. மாடு கொட்டகையில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. தாள்களை நீளவாக்கில் மடித்து இரும்புக் கேட்டின் தாழ்ப்பாளில் செருகினேன். இரண்டடி நடந்த பிறகு, காற்றில் விழுந்துவிடுமோ என்று திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகினேன்.